முதல் விபத்துக்குப் பிறகு: வரிசையின் வாலைக் காப்பது எப்படி

நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நடந்ததும் கண்ட்ரோல் ரூமில் இருக்கும் அத்தனை கண்ணும் ஒரே கேமராவுக்குப் போய்விடும். யாருக்கு அடி, எத்தனை லேன் அடைபட்டிருக்கிறது, ஆம்புலன்ஸ் எங்கே வருகிறது, கிரேனுக்குச் சொல்லியாயிற்றா என்று எல்லாப் பேச்சும் அந்த ஒரு இடத்தைச் சுற்றியே ஓடும். தேவையான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதே நேரத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டர் பின்னால், எந்தக் கேமராவும் காட்டாத ஒரு வளைவில், வேகமாக வரும் லாரி ஓட்டுநர் ஒருவருக்கு முன்னால் திடீரென்று சிவப்பு விளக்குகளாக ஒரு சுவர் முளைக்கிறது. இரண்டாம் விபத்து அங்கேதான் காத்திருக்கிறது. அதில் அடிபடப் போகிறவர்களுக்கும் முதல் விபத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வரிசையில் கடைசியாக வந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

முதல் விபத்தின் விளைவாக அதே இடத்திலோ, பின்னால் தேங்கும் வரிசையிலோ, எதிர்த்திசைப் பாதையிலோ நடக்கும் மோதல் எல்லாமே இரண்டாம் விபத்துதான். அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு கணக்கு உண்டு: முதல் சம்பவம் சாலையில் ஆபத்தாக நீடிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இன்னொரு விபத்து நடக்கும் வாய்ப்பு 2.8 சதவீதம் கூடுகிறது. சீக்கிரம் அப்புறப்படுத்துங்கள் என்று எல்லாரும் சொல்வது இதனால்தான். ஆனால் அப்புறப்படுத்தும் வேகம் உங்கள் கையில் முழுசாக இல்லை, கிரேன் நெரிசலில் மாட்டலாம், கவிழ்ந்த டேங்கரை நிமிர்த்த மணிக்கணக்கில் ஆகலாம். அந்த நேரம் முழுக்க வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கு முன்பே வேகத்தைக் குறைப்பதும், அதற்குள் வந்து சேரும் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும் உங்கள் கையில் இருக்கிறது. இந்த வழிகாட்டி அதைப் பற்றித்தான்.

முதலில் வாலின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இதை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்க்காதவரை அபாயத்தின் அளவு மனதில் ஏறாது. ஒரு லேனில் மணிக்கு 1,500 வண்டிகள் 100 கி.மீ. வேகத்தில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 15 வண்டி. எல்லாம் நின்றுவிட்டால் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 140 வண்டி நெருக்கி அடைக்கும். சாலை முழுசாக அடைபட்டால் வரிசை பின்னோக்கி வளரும் வேகம் 1,500-ஐ 125-ஆல் (140-லிருந்து 15-ஐக் கழித்தது) வகுத்தால் கிடைக்கும்: மணிக்கு 12 கி.மீ., நிமிடத்துக்கு 200 மீட்டர்.

ஒரு நிமிடத்தில் 200 மீட்டர். தகவல் உங்களுக்கு வந்து சேர ஒரு நிமிடம், நீங்கள் கேமராவைத் திருப்பிப் பார்த்து உறுதி செய்ய ஒரு நிமிடம், பலகையில் செய்தி போட இன்னொரு நிமிடம் ஆனால், நீங்கள் காக்க நினைத்த வால் அதற்குள் 600 மீட்டர் பின்னால் போயிருக்கும். இரண்டு லேனில் ஒன்றுதான் அடைபட்டது என்றாலும் நிம்மதி கொள்ளாதீர்கள். பாதி சாலை திறந்திருப்பதால் பாதித் திறன் கிடைக்கும், அதாவது மணிக்குப் பாதி வண்டிகளாவது கடந்து போகும் என்று தோன்றும், அப்படி இல்லை. இரண்டில் ஒன்று அடைபட்டால் மிஞ்சுவது சாதாரணத் திறனில் சுமார் 35 சதவீதம்தான், மூன்றில் ஒன்று அடைபட்டால் சுமார் 49 சதவீதம் என்பதுதான் போக்குவரத்துப் பொறியாளர்கள் வழக்கமாக எடுக்கும் மதிப்பு. மூன்று லேன் சாலையில் விபத்து வண்டிகளை ஓரத்துக்குத் தள்ளிவிட்ட பிறகும்கூட, எல்லாரும் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்ப்பதால், திறன் 83 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. மேலே சொன்ன அதே வாகன ஓட்டத்தில் ஒரு லேன் அடைப்புக்கு வால் நிமிடத்துக்குச் சுமார் 150 மீட்டர் வளரும். முழு அடைப்பிலிருந்து அது ஒன்றும் வெகுதூரம் இல்லை.

இன்னும் ஒன்று, இதைத்தான் அநேகம் பேர் கவனிப்பதில்லை. 30 நிமிடத்தில் சாலையைத் திறந்துவிட்டீர்கள், வரிசை 6 கி.மீ. நிற்கிறது. முன்னால் இருப்பவர்கள் கிளம்புவார்கள், அந்தக் கிளம்பும் அலை மணிக்குச் சுமார் 18 கி.மீ. வேகத்தில் பின்னோக்கிப் போகும். ஆனால் வாலும் 12 கி.மீ. வேகத்தில் பின்னால் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? அலை வாலைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் வால் விபத்து நடந்த இடத்திலிருந்து 18 கி.மீ. தள்ளிப் போயிருக்கும். வரும் வண்டிகள் குறையவே இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது, உண்மையில் கொஞ்சம் குறையும். ஆனாலும் "சாலை திறந்துவிட்டது, முடிந்தது" என்று கண்ட்ரோல் ரூம் மூச்சு விடும் நேரத்தில் வாலின் ஆபத்து பாதிகூடக் கடந்திருக்காது என்பது புரிகிறதல்லவா.

வாலைக் கண்டுபிடிப்பது

மனிதர் பார்த்து, மனிதர் முடிவெடுத்து, மனிதர் பட்டனை அழுத்தும் ஏற்பாடு நிமிடத்துக்கு 200 மீட்டருக்கு ஈடு கொடுக்காது. வால் பாதுகாப்பை மட்டும் தானியங்கியாக விடுங்கள், மற்ற முடிவுகளை மனிதர் எடுக்கட்டும். இதில் நெதர்லாந்துக்காரர்கள் செய்தது நல்ல பாடம். அங்கே 1980-களிலிருந்தே மோட்டார் சாலைகளில் சுமார் 500 மீட்டருக்கு ஒரு இடத்தில் சாலைக்கு அடியில் லூப் டிடெக்டர், அதாவது மேலே போகும் வண்டியை உணரும் கம்பிச் சுருள், இருக்கும், மேலே குறுக்குச் சட்டத்தில், அதாவது கேன்ட்ரியில், ஒவ்வொரு லேனுக்கும் ஒரு வேகப் பலகை இருக்கும். ஒரு இடத்தில் சராசரி வேகம் மணிக்கு 35 கி.மீ.க்குக் கீழே இறங்கினால் அமைப்பு யாரையும் கேட்காமல் அங்கே 50 என்று போடும், அதற்கு முந்தைய கேன்ட்ரியில் 70 என்று போடும். வேகம் மறுபடியும் 50-ஐத் தாண்டினால்தான் அணைக்கும். 35-ல் ஏற்றி 50-ல் இறக்குவதற்குக் காரணம் இருக்கிறது: இரண்டுக்கும் ஒரே எண் வைத்தால் வேகம் அதைச் சுற்றி ஊசலாடும்போதெல்லாம் பலகையும் மின்னி மின்னி அணையும், ஓட்டுநர் அதை நம்புவதை விட்டுவிடுவார். இங்கிலாந்தின் மிடாஸ் அமைப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது, லூப் அல்லது ராடார் பார்த்து, வரிசை தெரிந்ததும் பின்னால் இருக்கும் சிக்னல்களைத் தானே மாற்றும்.

உங்கள் அமைப்பில் எந்த எண் வைப்பது என்பது உங்கள் சாலையின் சாதாரண வேகத்தைப் பொறுத்தது. லாரிகள் மணிக்கு 40-ல் ஏறும் மேட்டில் 35-ஐ வைத்தால் பொய் எச்சரிக்கையாகக் கொட்டும். ஒரு வாரத் தரவை எடுத்து, விபத்தே இல்லாத நாளில் எத்தனை முறை எச்சரிக்கை வந்திருக்கும் என்று ஓட்டிப் பார்த்துவிட்டு எண்ணை முடிவு செய்யுங்கள்.

இங்கே ஒரு ஓட்டை உண்டு. நள்ளிரவில், வண்டிகள் குறைவாக இருக்கும்போது, விளக்கில்லாமல் ஒரு லாரி லேனில் நின்றால் வரிசையே உருவாகாது. அடுத்த வண்டி நேராக வந்து மோதும். சராசரி வேகத்தை மட்டும் பார்க்கும் அமைப்பு இதைக் காணாது. நின்றுபோன வண்டியைப் பிடிக்க ராடாரோ வீடியோவோ வேண்டும், குறிப்பாகச் சுரங்கப்பாதை, பாலம், ஓரம் ஒதுங்க இடமில்லாத பகுதி, பார்வை மறையும் வளைவு ஆகிய இடங்களில். பணம் குறைவென்றால் முதலில் அந்த இடங்களுக்குப் போடுங்கள், நேரான திறந்த சாலைக்கு அப்புறம் பார்க்கலாம்.

வேகத்தைப் படிப்படியாக இறக்குவது

100 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் சுதாரிக்க இரண்டரை நொடி ஆனால் பிரேக்கில் கால் வைப்பதற்குள் 70 மீட்டர் போய்விடும், ஈரச் சாலையில் நிற்க இன்னொரு 95 மீட்டர் வேண்டும். ஆக 165 மீட்டர். சுமை ஏற்றிய லாரிக்கு இன்னும் அதிகம். வளைவிலோ மேட்டின் மறுபுறத்திலோ வால் இருந்தால் அவ்வளவு தூரம் முன்கூட்டிக் கண்ணுக்குத் தெரியாது. வேகத்தை 60-க்கு இறக்கி வைத்திருந்தால், ஒருவேளை மோதல் நடந்தாலும் அதன் ஆற்றல் 100-ல் இருந்ததில் 36 சதவீதம்தான். எல்லா மோதலையும் தடுக்க முடியாவிட்டாலும் அதில் ஆட்கள் உயிரோடு எழுந்து வரும் வாய்ப்பு அதிகம்.

100-லிருந்து ஒரே தாவலாக 40 என்று போடாதீர்கள். கீழ்ப்படிபவர் சட்டென்று பிரேக் போடுவார், பின்னால் வருபவர் போட மாட்டார், பலகைக்கு அடியிலேயே விபத்து நடக்கும். 100, 80, 60 என்று ஒவ்வொரு கேன்ட்ரிக்கும் 20 வீதம் இறக்கினால் போதும். எல்லா லேனுக்கும் ஒரே வேகம் போடுங்கள், லேனுக்கு லேன் வேறுபட்டால் எல்லாரும் வேகமான லேனுக்குத் தாவுவார்கள், பக்கவாட்டு மோதல் வரும். வால் பின்னால் நகரும் என்பதால் இப்போது வால் இருக்கும் இடத்தை வைத்துப் பலகை போடக் கூடாது, இன்னும் மூன்று நான்கு நிமிடத்தில் அது எங்கே இருக்குமோ அதை வைத்துப் போட வேண்டும். கேன்ட்ரிகள் 500 மீட்டருக்கு ஒன்று என்றால், நிமிடத்துக்கு 200 மீட்டர் வளரும் வால் இரண்டரை நிமிடத்துக்கு ஒரு கேன்ட்ரியைத் தின்றுவிடுகிறது. எனவே எப்போதும் வாலுக்குப் பின்னால் குறைந்தது இரண்டு மூன்று கேன்ட்ரி எரிந்துகொண்டிருக்க வேண்டும்.

எழுத்துப் பலகையில் என்ன போடுகிறோம் என்பதும் முக்கியம். "விபத்து, கவனமாகச் செல்லவும்" என்று போட்டால் ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது, எங்கே, எவ்வளவு தூரத்தில், நான் என்ன செய்ய வேண்டும்? "1 கி.மீ.யில் வண்டிகள் நிற்கின்றன, வேகம் குறைக்கவும்" என்பது வேறு. அந்த 1 கி.மீ. என்பது வரிசையின் வாலுக்கு இருக்கும் தூரம். விபத்து இடத்துக்கு இருக்கும் தூரத்தைப் போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, எனக்கு இதைப் பார்த்தாலே பதறும்: விபத்து 5 கி.மீ. தள்ளி என்று படித்த ஓட்டுநர், இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்து 300 மீட்டரில் நிற்கும் வாலில் போய்ச் செருகுவார்.

அடைபட்ட லேனுக்கு மேல் சிவப்புப் பெருக்கல் குறி போடுங்கள், அதற்கு முன் ஒரு இடத்தில் பக்கத்து லேனுக்கு மாறச் சொல்லும் அம்புக்குறி வேண்டும். வேலை செய்யும் மீட்பு ஆட்களுக்கு இதுதான் கவசம், முடிந்தால் அவர்களுக்குப் பக்கத்து லேனையும் சேர்த்து மூடுங்கள்.

வாலுக்குள் வரும் வண்டிகளைக் குறைப்பது

வேகத்தைக் குறைப்பது வாலுக்கு வந்து சேருபவரைக் காக்கும். வந்து சேருபவர்களையே குறைத்தால் வால் வளர்வதே தணியும், என் கருத்தில் நம்மிடம் இருக்கும் கருவிகளில் இதற்குத்தான் பலம் அதிகம், ஆனால் இதைத்தான் தாமதமாகச் செய்கிறோம். மேலே போட்ட கணக்கையே திரும்பப் போடுங்கள். 1,500 வண்டிகளில் 600 வண்டிகளைத் தொடக்கத்திலேயே வேறு வழிக்குத் திருப்பிவிட்டால் மிச்சம் 900. வால் 12-க்குப் பதில் மணிக்குச் சுமார் 7 கி.மீ. வேகத்தில்தான் வளரும், 30 நிமிடத்தில் மூன்றரை கி.மீ. வரிசை. சாலை திறந்ததும் கிளம்பும் அலை 20 நிமிடத்துக்குள் வாலைப் பிடித்துவிடும், அதிகபட்ச தூரம் 6 கி.மீ.க்குள் முடிந்துவிடும். 18 எங்கே, 6 எங்கே!

ஆனால் திருப்பிவிடுவதற்கு முன் வெளியேறும் ராம்ப்பின், அதாவது நெடுஞ்சாலையிலிருந்து கீழே இறங்கும் இணைப்புச் சாலையின், அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே ஒரு சிக்னல் இருக்கும், அது சாதாரண நாளுக்கு வைத்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று மூன்று மடங்கு வண்டி வந்தால் ராம்ப் நிரம்பி, வரிசை நெடுஞ்சாலையின் ஓர லேனுக்கே வந்து நிற்கும். ஒரு வாலைக் குறைக்கப் போய் இன்னொரு புதிய வாலை, அதுவும் பலகையே இல்லாத இடத்தில், உருவாக்கிவிட்டோம். இதற்குத்தான் அந்தச் சிக்னல்கள் தகவமைப்புக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். ஸ்காட்ஸ், ஸ்கூட் போன்ற அமைப்புகள் 1970-களிலேயே உருவானவை. சாலையில் இருக்கும் டிடெக்டரைப் பார்த்துப் பச்சை நேரத்தைத் தாங்களே கூட்டிக் குறைப்பவை. அப்படி ஒன்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ராம்ப்பின் மேல் பகுதியில் ஒரு டிடெக்டர் போட்டு, அதன் மேல் வண்டி சில நொடிகளுக்கு மேல் நின்றால் கீழே ராம்ப்புக்குப் பச்சை கொடுத்து வரிசையை வடித்துவிடும்படி வைத்தாலே பெரிய உதவி. மாற்றுப்பாதை முழுவதற்கும் விபத்து நேரத்துக்கான சிக்னல் திட்டம் ஒன்றை முன்கூட்டியே எழுதி வையுங்கள். விபத்து நடந்த பிறகு உட்கார்ந்து யோசித்தால் அது கைக்கு வரும்போது வால் எங்கேயோ போயிருக்கும்.

அதேபோல, விபத்துக்கும் வாலுக்கும் பின்னால் இருக்கும் நுழைவு ராம்ப்புகளில் சிக்னல் இருந்தால் வண்டிகளை ஒவ்வொன்றாக விடுங்கள், தேவைப்பட்டால் மூடிவிடுங்கள். ராம்ப் சிக்னல்கள் பாதுகாப்புக்கு என்ன செய்கின்றன என்பதற்கு ஒரு நல்ல சான்று மினசோட்டா மாநிலத்தில் கிடைத்தது. 2000-ம் ஆண்டு அங்கே மினியாபொலிஸ், செயின்ட் பால் பகுதியின் ராம்ப் சிக்னல்களைச் சில வாரங்களுக்கு மொத்தமாக அணைத்துப் பார்த்தார்கள். விபத்துகள் 26 சதவீதம் கூடின. அது சாதாரண நாள் கதை. வரிசை வளர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் ராம்ப் வழியாகக் கூட்டமாக வண்டி இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தக் கருவிகள் எதுவும் இல்லாத சாலையில்

கேன்ட்ரியும் லூப்பும் உள்ள சாலை உலகத்தில் கொஞ்சம்தான். மற்ற இடத்தில் ரோந்து வண்டிதான் நம் நகரும் பலகை. விபத்து இடத்துக்கு இரண்டு வண்டி போகிறதென்றால் ஒன்றை மட்டும் அங்கே அனுப்புங்கள், இன்னொன்று வாலுக்குப் போகட்டும். வாலுக்குப் போன வண்டி நிற்கும் இடம் வாலின் நுனி இல்லை, அதற்கு 500 மீட்டராவது பின்னால், ஓட்டுநர்கள் தூரத்திலிருந்தே பார்க்கும்படியான நேர்ப்பகுதியில், சாலையின் ஓரத்தில். வால் நெருங்க நெருங்க அந்த வண்டி பின்னால் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இதைச் செய்பவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள், சாட்சி விசாரிக்கக் கூப்பிடாதீர்கள். டிரெய்லரில் இழுத்துப் போகும் மின்னணுப் பலகை இருந்தால் அதையும் பின்னால் வையுங்கள், மோதல் தாங்கும் மெத்தை பொருத்திய லாரி இருந்தால் வேலை நடக்கும் இடத்துக்குப் பின்னால் நிறுத்துங்கள். வால் எங்கே என்று தெரிய, செல்போன் வழியாக வரும் வேகத் தரவு இப்போது பல வரைபடச் செயலிகளில் கிடைக்கிறது. ஓரிரு நிமிடம் பின்தங்கும், அதனால் அது காட்டும் சிவப்புக் கோட்டின் முனையை அப்படியே எடுக்காமல் இன்னும் ஒரு கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்திசையை மறந்துவிடாதீர்கள். அங்கே சாலை அடைபடாமல்தான் இருக்கும், ஆனால் எட்டிப் பார்ப்பதற்காக ஒருவர் வேகம் குறைப்பார், பின்னால் வருபவரும் விபத்தையே பார்த்துக்கொண்டு வந்து இடிப்பார். அந்தப் பக்கமும் வேகத்தை ஒரு படி குறைத்து வையுங்கள், நேரம் அதிகமாகும் என்று தெரிந்தால் மறைப்புத் திரை நிறுத்துங்கள். இரவில் எல்லா மீட்பு வண்டியும் எல்லா விளக்கையும் சுழலவிட்டால் எதிரே வருபவருக்குக் கண் கூசி, நடுவில் நடந்து போகும் ஆளே தெரிய மாட்டார். லேன் மூடிக் கூம்புகள் வைத்த பிறகு தேவையில்லாத விளக்குகளை, முக்கியமாக எதிரே வருபவரைப் பார்த்து எரியும் ஹெட்லைட்டுகளை, அணைக்கச் சொல்லுங்கள்.

மூடுபனி வேறு ரகம், அங்கே வரிசை உருவாகும்வரை காத்திருக்கவே கூடாது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் ஐ-75 நெடுஞ்சாலையில் 1990 டிசம்பர் 11 அன்று மூடுபனியில் 99 வண்டிகள் அடுத்தடுத்து மோதின, 12 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே பார்வைத் தூரத்தை அளக்கும் சென்சார்கள், மாறும் வேகப் பலகைகள், நிலைமை மோசமானால் நுழைவுப் பாதையையே மூடும் கதவுகள் எல்லாம் வைத்தார்கள். பனியில் எல்லாரும் ஒரே மாதிரி மெதுவாகப் போவதில்லை, ஒருவர் 40-லும் இன்னொருவர் 100-லும் போவார்கள். அந்த இடைவெளிதான் ஆபத்து. பார்வைத் தூரம் குறையும்போதே வேகத்தைக் குறைத்து எல்லாரையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும், நிற்கும் தூரத்தைவிடப் பார்வைத் தூரம் குறைந்துவிட்டால் அந்த வேகத்தில் சாலையை ஓடவிடக் கூடாது.

பலகையை அணைப்பதும் வேலைதான்

விபத்து வண்டியை எடுத்தாயிற்று என்று செய்தி வந்ததும் பலகைகளை அணைக்கக் கை நீளும். அணைக்காதீர்கள். வால் கரையும்வரை, அதாவது கடைசி டிடெக்டரிலும் வேகம் திரும்பி அது சில நிமிடம் நிலைக்கும்வரை, எச்சரிக்கை எரிய வேண்டும். அணைக்கும்போது விபத்து இடத்தின் பக்கமிருந்து தொடங்கி, பின்னோக்கி ஒவ்வொன்றாக அணையுங்கள், ஏனென்றால் வரிசை கரைவதும் அந்தத் திசையில்தான்.

அதே அளவுக்குக் கெடுதல், கரைந்த பிறகும் எரியவிடுவது. காலியான சாலையில் 60 என்று எரியும் பலகையை ஒருவர் இரண்டு முறை பார்த்தால் மூன்றாம் முறை அவர் பிரேக்கைத் தொட மாட்டார், அந்த மூன்றாம் முறைதான் உண்மையான வால் நிற்கும். காரணம் இல்லாமல் எரிந்த ஒவ்வொரு பலகையையும் ஒரு பழுது என்றே பதிவு செய்து யாராவது ஒருவர் அதற்குப் பதில் சொல்லும்படி வையுங்கள்.

கடைசியாகக் குறிப்பேடு. பெரும்பாலான குறிப்பேட்டில் விபத்து நடந்த நேரம், ஆம்புலன்ஸ் வந்த நேரம், சாலை திறந்த நேரம் இருக்கும். இன்னும் நான்கைச் சேருங்கள்: முதல் எச்சரிக்கைப் பலகை எரிந்த நேரம், அப்போது வால் இருந்த இடம், வால் மிகவும் பின்னால் போன இடமும் நேரமும், போக்குவரத்து சாதாரண நிலைக்குத் திரும்பிய நேரம். இரண்டாம் விபத்து நடந்திருந்தால் அதை முதல் விபத்தின் எண்ணோடு இணைத்து எழுதுங்கள், தனி விபத்தாகப் போட்டுவிட்டால் அது எதனால் நடந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாமல் போய்விடும். இருபது முப்பது சம்பவம் சேர்ந்ததும் இந்த நேரங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: முதல் பலகை எரியும்போது வால் அதைத் தாண்டிப் போயிருந்த சம்பவங்கள் எவை, அவை எந்தக் கிலோமீட்டரில் என்று தெரிந்துவிடும். அடுத்த சென்சாரை அங்கே போடுங்கள்.